ஒன்பது புள்ளிக்குள் சொந்தமாக என்ன இருக்கிறது?

மார்கழி 2, காலை 6.50 | கடைசிவீடு

மார்கழி பிறந்தால் போதும், கோலம் என்பது சாமானியர்களின் கற்பனை, கலை, சுயவெளிப்பாடு என்று எல்லாரும் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரே தெருவில் ஆறு வாசலில் ஒரே யூடியூப் கோலம் கிடக்கிறது. புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து பின்னிப் போகும் சிக்குக்கோலம் இன்னும் மோசம்: புள்ளி எத்தனை என்பது முன்பே முடிவு, கோடு எந்த வழியாகப் போகும் என்பதும் முடிவு. கோடு போட்ட நோட்டில் கையெழுத்துப் பழகுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்த்துப் போடுகிறவருக்கு அதில் சொந்தமாக என்ன இருக்கிறது?

மார்கழி 2, காலை 9.15 | நெளிகம்பி

கோடு போகிற வழி முடிவானது என்பது தப்பு. மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

3 புள்ளி 3 வரிசை, நேர்ப்புள்ளி (புள்ளிக்கு நேர் கீழே புள்ளி). மொத்தம் 9. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள இடத்தை ‘இடை’ என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் 6, நெடுக்கில் 6, ஆக 12 இடை. ஒவ்வொரு இடையிலும் கோட்டுக்கு மூன்று வழி உண்டு. இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகலாம். வெட்டாமல் புள்ளிகளைப் பிரித்துக்கொண்டு நடுவே வளைந்து திரும்பலாம். அல்லது இரண்டு புள்ளியையும் ஒரே கூட்டுக்குள் சேர்த்துக்கொண்டு மேலும் கீழுமாக ஓடலாம். வெட்டு, பிரி, சேர். மூன்றை 12 தடவை பெருக்கினால் 5,31,441.

இது 9 புள்ளிக்கு. 5க்கு 5 போட்டால் 40 இடை. 20 இலக்க எண் வரும்.

மார்கழி 2, மாலை 4.30 | நெளிகம்பி

காலையில் சொன்னதில் கொஞ்சம் கழிக்க வேண்டும். அந்த 5,31,441இல் ஒரே கோலத்தைத் திருப்பிப் போட்டதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் போட்டதும் தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கின்றன. ஒரு கோலத்தை அதிகபட்சம் 8 விதமாகத் திருப்பலாம். 8ஆல் வகுத்தாலும் 66,000க்கு மேல் நிற்கும். அதில் பெரும்பாலானவை வாசலில் போடத் தகுதியில்லாத அசிங்கம் என்பதும் உண்மை. எதை விடுவது என்பதில்தான் போடுகிறவரின் கண் தெரியும்.

ஒன்று கவனிக்க: சதுரமாக நிற்கும் நாலு புள்ளிக்கு இடையிலுள்ள நாலு இடையையும் ‘சேர்’ என்று போட்டால் நடுவில் புள்ளியே இல்லாத வெற்று வளையம் ஒன்று விழும். சிக்குக்கோலத்தில் அது குறை. வளையத்துக்குள் புள்ளி இருக்கணும்.

மார்கழி 3, காலை 7.05 | ஈரவாசல்

கணக்கு சரி. முதலில் கோடு ஒழுங்காக விழணும். கேட்டவர் கையில் பொடி எடுத்ததே இல்லை என்று தோன்றுகிறது.

மார்கழி 3, காலை 10.40 | நெளிகம்பி

சண்டை வேண்டாம். ஆனால் பொடியைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது.

கடையில் விற்பது வெள்ளைக்கல் பொடி. ரவை போலக் கரகரப்பாக இருந்தால்தான் விரலிடுக்கில் ஓடும். மைதா போல நைஸாக இருந்தால் ஈரக்காற்றில் கட்டி பிடிக்கும், வெயிலில் பறக்கும். தனி அரிசி மாவும் இதே கதை. நாலு பங்கு கல்பொடிக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு கலந்தால் ஓட்டமும் இருக்கும், எறும்புக்கும் கிடைக்கும். கலந்ததை ஒருமுறை சலித்துவிடணும். ஒரு சின்னக் கட்டி போதும், நல்ல வளைவின் நடுவில் வந்து அடைத்துக்கொள்ளும். கோடு அறுந்த இடத்தில் மறுபடி தொடங்கினால் அங்கே ஒரு முண்டு தெரியும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. நடுவிரல் கீழிருந்து தாங்கும். கை தரையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை உயரத்தில் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் கோடு பரவி மங்கும். கீழே வந்தால் விரல் முந்தைய கோட்டில் உரசும். வளைவுக்கு மணிக்கட்டைத் திருப்பாதீர்கள், முழங்கையோடு உடம்பு திரும்பணும். மணிக்கட்டால் போட்ட வளைவு முட்டைபோல ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மார்கழி 3, காலை 10.55 | நெளிகம்பி

தரையை விட்டுவிட்டேன். தண்ணீர் தெளித்துப் பெருக்கியதும் போடக்கூடாது. ஈரத்தின் மினுமினுப்பு அடங்கணும். மார்கழிப் பனியில் அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகும். தண்ணீர் நிற்கும் இடத்தில் விழுந்த பொடி கரைந்து சாம்பல் நிறமாகிவிடும். முழுக்கக் காய்ந்த தரையிலோ முதல் ஸ்கூட்டர் போகும் காற்றுக்கே பாதிக் கோலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அவர்களுக்கும் சேர்த்துப் போட்ட புண்ணியம்.

மார்கழி 4, காலை 6.30 | கடைசிவீடு

மூன்று வழி என்பது புரிந்தது. ஆனால் ஒரே இழையில், அதாவது தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் ஒரே கோட்டில், முடியணும் என்கிறார்களே, அப்படியானால் அந்த விதியே வழியை முடிவு செய்துவிடாதா? 3க்கு 3இல் எல்லா இடையிலும் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். மூன்று தனி இழை வந்தது.

மார்கழி 4, காலை 8.20 | நெளிகம்பி

மூன்றுதான் வரும். முழுச் செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, எல்லா இடையிலும் வெட்டிக்கொண்டே போனால், இழைகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. 3க்கு 3 என்றால் 3. 4க்கு 6 என்றால் 2. 2க்கு 3, 3க்கு 5, 5க்கு 7 எல்லாம் 1. வாசல் சதுரமாக இல்லாமல் நீளமாக இருந்தால் ஒரு வரிசை கூட்டியோ குறைத்தோ ஒரே இழைக்குக் கொண்டுவந்துவிடலாம், வேறு மூளை வேண்டாம். 7க்கு 7 வைத்துவிட்டு ஒரே இழை வரவில்லை என்று புலம்புகிறவர்கள், கடைசியில் ஒரு வரிசை சேர்த்து 7க்கு 8 ஆக்கினால் வந்துவிடும்.

சதுரமாகவே வேண்டும் என்றால்தான் வேலை. 3க்கு 3இல் நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள நாலு இடையையும் ‘பிரி’ என்று மாற்றுங்கள், ஒரே இழை ஆகிவிடும்.

மார்கழி 4, இரவு 9.10 | ஈரவாசல்

ஆகவில்லை. நடுப்புள்ளி தனி வட்டமாக உட்கார்ந்துகொண்டது. இன்னும் மூன்று இழைதான்.

மார்கழி 5, காலை 7.40 | நெளிகம்பி

ஈரவாசல் சொல்வது சரி. நடுப்புள்ளியை நாலு பக்கமும் பிரித்தால் அது தனித்துப்போகாமல் என்ன செய்யும். போடாமல் எழுதியதன் பலன். (ஆனால் அந்த வடிவம் அழகானது: நடுவில் ஒரு வளையம், சுற்றி இரண்டு இழை பின்னிக்கொண்டு. ஒரே இழை வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்கள் போடலாம்.)

சரியான விதி இது. வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு கோடும் வெவ்வேறு இழை என்றால், அங்கே பிரித்தாலும் சரி, சேர்த்தாலும் சரி, இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். இரண்டு கோடும் ஒரே இழைதான் என்றால் கவனம். அங்கே பிரி, சேர் இரண்டில் ஒன்று அதை இரண்டாக உடைக்கும், மற்றது ஒரே இழையாகவே விட்டுவைக்கும். எது எது என்று விரலால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும்.

3க்கு 3இல் மூன்று இழைகளின் இருப்பு இப்படி: இரண்டு நீள இழைகள் மூலைக்கு மூலை சாய்ந்து நடுவில் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது, வைரம் போல, பக்கங்களின் நடுப்புள்ளிகள் நாலையும் உள்ளே வைத்துச் சுற்றும். 12 வெட்டிலும் வெவ்வேறு இழைகள்தான் சந்திக்கின்றன. ஆக, நடுப்புள்ளி ஓரமாக ஒரு வெட்டு, வெளியே ஒரு வெட்டு, இரண்டே இரண்டை மாற்றினால் ஒரே இழை.

மார்கழி 5, பகல் 1.00 | கடைசிவீடு

மாற்றினேன், வந்துவிட்டது. ஆனால் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது.

மார்கழி 5, மாலை 5.25 | நெளிகம்பி

இருக்கத்தான் செய்யும். இரண்டு மாற்றத்தை நாலு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிட முடியாது. நாலு மாற்றுங்கள். மேல் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கமாக ஓரத்தைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு மூலைப்புள்ளியைத் தாண்டியதும் வரும் முதல் இடையை மட்டும் பிரியுங்கள். பக்கத்தின் நடுவிலுள்ள புள்ளியிலிருந்து அடுத்த மூலைக்குப் போகும் இடையைத் தொடாதீர்கள். காற்றாடி போல் சுழலும், ஒரே இழை, 8 வெட்டு. இம்முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதே நாலு இடத்தில் ‘பிரி’க்குப் பதில் ‘சேர்’ போட்டாலும் ஒரே இழைதான். ஆனால் முகம் வேறு: முதலாவதில் மூலைகள் விலகி நிற்கும், இரண்டாவதில் ஒவ்வொரு மூலையும் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டி நீளும். இரண்டில் எதைப் போடுவது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

இழை ஒன்றாகவும் இருக்கணும், இடமும் வலமும் கண்ணாடி போல ஒத்தும் இருக்கணும் என்றால் 9 புள்ளியில் முடியாது.

மார்கழி 6, காலை 6.15 | ஈரவாசல்

முடியும். மேல் வரிசையில் இருக்கும் இரண்டு படுக்கை இடையும் கீழ் வரிசையில் இருக்கும் இரண்டும் பிரி. மற்ற எட்டும் வெட்டு. ஒரே இழை. இடம்வலம், மேல்கீழ் இரண்டும் ஒத்துப்போகிறது. பால்காரர் வருவதற்குள் போட்டாச்சு.

மார்கழி 6, காலை 8.00 | நெளிகம்பி

விரல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வருகிறது. ‘முடியாது’ என்று எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி குழுவினர் 1974இலேயே கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் சேர்த்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். வாசலில் போடுகிறவர்கள் வைத்திருக்கும் வழிமுறைகளை விதிகளாக எழுத முடியும் என்று காட்டிய வேலை அது. இங்கே நடப்பது அதன் தலைகீழ்: விதியை எழுதியவனை வாசல் திருத்துகிறது.

மார்கழி 9, இரவு 8.45 | நெளிகம்பி

நகல் என்ற முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். யூடியூபில் பார்த்த கோலம் வாசலில் அப்படியே வராது. காரணங்கள் சில்லறையானவை. வீடியோவில் தரை பன்னிரண்டு அடி, இங்கே படிக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே நாலடி. 15 புள்ளி 8 வரை ஊடுபுள்ளி (நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8; இரண்டு புள்ளிக்கு ஊடே அடுத்த வரிசைப் புள்ளி) என்றால் அகலத்தில் 15 வேண்டும். நாலு விரல்கடை இடைவெளி வைத்தாலே மூன்றரை அடிக்கு மேல் போய்விடும், ஓர வளைவுக்கு இடமிருக்காது. இடைவெளியைக் குறைத்தால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். 11 புள்ளி 6 வரை என்று சுருக்கினால் இரண்டு சுற்றுப் பூ போய்விடும். போன இடத்தில் என்ன வைப்பது? மூலையை எப்படி மூடுவது? இதற்கெல்லாம் வீடியோவில் பதில் இல்லை. ஆறு வாசலில் ஒரே கோலம் என்றீர்கள், ஆறையும் மூலை மூலையாகப் பாருங்கள்.

புள்ளி வைப்பதே சறுக்கும் இடம். மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக வைத்தால் நாம் பின்னால் நகர நகர வரிசையும் சாய்ந்துகொண்டே வரும். நடு வரிசையை முதலில் வையுங்கள், பிறகு மேலே பாதி, கீழே பாதி. அப்போது பிழை இரண்டாகப் பிரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சிமெண்ட் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் வெட்டுக்கோடு, டைல்ஸ் இணைப்பு எதையாவது நடு வரிசைக்குப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெரிய கோலத்தை நடுவில் தொடங்கி வெளியே வரணும். வெளியே தொடங்கியவர் கடைசியில் நடுவில் மாட்டிக்கொண்டு குதித்து வெளியே வரவேண்டியிருக்கும்.

மார்கழி 9, இரவு 9.05 | நெளிகம்பி

பொடி எவ்வளவு பிடிக்கும் என்று தனியாகக் கேட்டவருக்கு: எல்லா இடையும் வெட்டாகப் போட்டால் ஒரு புள்ளிக்குச் சராசரியாகப் புள்ளி இடைவெளியைப்போல 2.8 மடங்கு கோடு. 7க்கு 7, எட்டு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 11 மீட்டர் கோடு. விரலைத் தடிமனாக விட்டால் பொடிச்செலவு இரட்டிக்கும். மெல்லிய கோடு சிக்கனத்துக்கு மட்டும் இல்லை. தடித்த கோட்டில் ‘பிரி’யும் ‘வெட்டு’ம் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும்.

மார்கழி 12, காலை 7.20 | ஈரவாசல்

அடுக்குமாடியில் டைல்ஸ் வாசல். பொடி நிற்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள்.

மார்கழி 12, காலை 11.30 | நெளிகம்பி

ஸ்டிக்கர் வருஷம் 365 நாளும் ஒரே கோலம். கோலக்குழலாவது உருட்டும்போது கொஞ்சம் கோணலாகப் போகும்.

டைல்ஸுக்கு மாக்கோலம். பச்சரிசி ஒரு ஆழாக்கு, இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைஸாக அரைக்கணும். தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைக்கணும். உள்ளங்கைக்குள் அடங்கும் பருத்தித் துணியை மாவில் நனைத்துக் கைக்குள் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அமுக்கினால் மோதிரவிரல் வழியாக இறங்கும். விரல் நுனி தரையைத் தொட்டபடி நகரணும்.

போடும்போது ஒன்றுமே தெரியாது. வெளுப்பு காய்ந்த பிறகுதான் வரும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள்: மாவு நீர்த்துவிட்டது என்று நினைத்து இன்னும் கெட்டியாக்குவார்கள். கெட்டி மாவு காய்ந்ததும் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உரியும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் மாவு முத்து முத்தாகத் திரளும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடணும்.

மார்கழி 12, பகல் 12.10 | நெளிகம்பி

மாக்கோலத்தில் சிக்கு போடலாமா என்றால் போடலாம், ஆனால் வெட்டுகிற இடத்தில் ஈரக்கோட்டின் மேல் ஈரக்கோடு விழுந்தால் குளம் கட்டும். அந்த இடத்தில் துணியை அமுக்காமல் விரலைச் சும்மா தாண்டிவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த மாவே போதும்.

மார்கழி 17, காலை 9.00 | கடைசிவீடு

புத்தாண்டு இரவு போட்ட எழுத்துக் கோலங்களைப் பார்த்தேன். பாதி ‘வாழ்த்துக்கள்’, பாதி ‘வாழ்த்துகள்’. எது சரி?

மார்கழி 17, காலை 9.20 | நெளிகம்பி

இந்தப் பேச்சை இங்கேயே முடித்துவிடப் பார்க்கிறீர்கள். ‘வாழ்த்து’ என்று மட்டும் எழுதுங்கள், இரண்டு கட்சியும் வாயை மூடும், பொடியும் மிச்சம்.

எழுத்து போடும்போது உண்மையான சிக்கல் திசை. வீட்டுக்கு முதுகு காட்டி நின்று எழுதினால் தெருவில் வருகிறவருக்குத் தலைகீழாகத் தெரியும். தெருப்பக்கம் போய் நின்று வீட்டைப் பார்த்து எழுதணும். ‘ழ’, ‘த்’ இரண்டிலும் சுழி சின்னதாக இருந்தால் பொடியில் அடைந்துபோகும். எழுத்து உயரம் ஒரு சாண் இருந்தால்தான் உள்ளே வெளிச்சம் இருக்கும். முதலில் கடைசி எழுத்துக்கு இடம் அளந்துகொள்ளுங்கள். ‘புத்தாண்டு’ பெரிதாகவும் ‘வாழ்த்து’ சுவரில் ஏறுகிற மாதிரி நசுங்கியும் கிடப்பது ஊருக்கு ஊர் உண்டு.

மார்கழி 17, இரவு 10.00 | நெளிகம்பி

எழுத்து என்றதும் விட்டுவிடக்கூடாதது: 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டவர்களைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விடுவித்தது. அடுத்தடுத்த நாட்களில் பல வாசல்களில் அதே எதிர்ப்பு வாசகம் கோலத்தோடு வந்தது. கோடு போட்ட நோட்டில் கையெழுத்துப் பழகியதற்காக யாரையும் வேனில் ஏற்றியதாகத் தெரியவில்லை.

மார்கழி 21, காலை 7.50 | ஈரவாசல்

வண்ணம்?

மார்கழி 21, மாலை 6.10 | நெளிகம்பி

சிக்குக்கு வண்ணம் வேண்டாம் என்பது என் கட்சி. கோடு கண்ணில் ஓடுவதுதான் அதன் ருசி, வண்ணம் அதை நிறுத்திவிடும். பூக்கோலத்துக்குப் போடுங்கள். கடை வண்ணப்பொடி அடர்த்தி அதிகம். தூள் உப்போடு கலந்தால் சீராகப் பரவும். ஈரத்தரையில் உப்பு கசியும், அதனால் காய்ந்த இடத்தில் மட்டும். மஞ்சள்தூளோடு துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. இதே காரணத்தால் புதுசாகப் பூசிய சிமெண்ட் தரையில் ஈர மஞ்சள் தானாகச் சிவந்துபோகும். பூ மஞ்சளாக வேண்டியவர்கள் கடைப்பொடி வாங்கவும்.

மார்கழி 24, காலை 6.40 | கடைசிவீடு

4க்கு 4 போட்டேன். எல்லாம் வெட்டு என்றால் 4 இழை. குறைந்தது மூன்று மாற்றம் தேவை, ஒரு மாற்றம் இரண்டை ஒன்றாக்கும் என்பதால். சரியா? மூன்றாவதைச் செய்த பிறகும் இரண்டு இழையாகவே நிற்கிறது.

மார்கழி 24, காலை 8.30 | நெளிகம்பி

கணக்கு சரி. மூன்றாவது மாற்றத்தை ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட இழையின் மேலேயே செய்திருப்பீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விரலை ஓட்டி, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். தாளில் என்றால் இழைக்கு ஒரு கலர் பென்சில். போட்டதை அழிக்க வேண்டாம்: அந்த இரண்டு இழையும் சந்திக்கும் இன்னொரு வெட்டைத் தேடி அதையும் மாற்றுங்கள். நாலு மாற்றமாகும், ஒன்றும் குறைந்துவிடாது.

தரையில் அழித்தே ஆகணும் என்றால் ஈரத்தில் காலால் தேய்க்காதீர்கள், வெள்ளைப் பூச்சு படிந்துவிடும். கொஞ்சம் காயவிட்டு ஈர்க்குச்சியால் சுரண்டி ஊதிவிட்டால் போய்விடும்.

மார்கழி 24, இரவு 7.15 | கடைசிவீடு

நாலு மாற்றத்தில் வந்தது. வலது மேல் மூலையில் இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டு ஒரு மாதிரி பிதுங்கி நிற்கிறது. நாளைக்கு அதைச் சரி செய்யணும். இல்லை, மற்ற மூன்று மூலையையும் அப்படியே பிதுக்கிவிடலாமா என்று பார்க்கிறேன்.

மார்கழி 24, இரவு 7.30 | ஈரவாசல்

மூன்றையும் பிதுக்கினால் இழை மறுபடி உடையலாம். எண்ணிப் பாருங்கள்.

போகி, காலை 8.10 | நெளிகம்பி

நாளைக்குப் பானைக் கோலம் போடுகிறவர்களுக்கு: போகி எரித்த இடத்தைச் சும்மா பெருக்கினால் போதாது. நைஸ் சாம்பல் தங்கிவிடும், அதன் மேல் விழுந்த வெள்ளைப்பொடி அழுக்காகத் தெரியும். இன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். காலையில் தெளித்தால் மட்டும் போதும்.